வலக்கை சிவப்பு, இடக்கை பச்சை

பஞ்சரும் இல்ல, காத்தும் வாணாம் நைனா. என்கிட்ட வண்டியே கெடயாது. மாத்தூர்லேந்து பஸ்சுல வந்து எறங்கி நடந்து வர்றேன். உங்கப்பாரப் பாக்கணும். ஆமா, அப்துல் வஹாப தான். தொயுகைக்கிப் போய்க்கீறானா? எப்ப வருவான்? அரமணி நேரமா? சரி, வரட்டும். முப்பத்திரெண்டு வருசம் பாக்காம இருந்தாச்சி, அரமணில இன்னா ஆயிடப் போவுது. அந்தப் பச்ச ஸ்டூல இப்டி தள்ளு, குந்திக்கிறேன்.

இன்னா, செவப்பா? சரி, செவப்புன்னே வெச்சிக்க. அயுக்கேறி கெடக்குது, எவன் கண்டான்.

நீ அப்சலு தான? கேக்கவே வாணாம், மூக்கு அப்டியே வஹாப் மூக்கு. அந்த மூக்குக்கும் ஒரு சீட்டு கீதாம், அத்த அப்பால சொல்றேன். எம்பேரு சின்னப்பையன். சிரிக்காத. அறுபத்தொம்பது வயசாவுது, இன்னும் பேங்குல பேரக் கூப்ட்டா அல்லாரும் எனக்குப் பின்னால எட்டிப் பாக்குறாங்க.

இந்தப் பேரு நீ கேள்விப்பட்டதே இல்லியா? உங்கப்பாரு ஒரு தபா கூட எடுத்ததில்ல? திட்டக்கூட எடுத்ததில்ல?

பாத்தியா. அதான். அதான் எனக்கு அவன் மேல காண்டு.

எனக்கு நெறைய பேரு மேல காண்டு, நீ ஒண்ணியும் நெனச்சிக்காத. ரேஷன் கடையில எனக்கு முன்னால நின்னவனுக்கு நல்ல அரிசி போட்டான் ஒருத்தன், எம்பத்தாறுல. அவன் செத்துட்டான், அவன் புள்ளயோட இன்னும் பேசறதில்ல. எங்க யூனியன் தலைவரு ஒருத்தரு, போராட்டம்னா எங்கள வெயில்ல நிக்க வெச்சிட்டு ஆபீஸ் ஃபேனுக்குக் கீய பேச்சுவார்த்த நடத்துவாரு. அவரு மேலயும் கீது. எம்மாப்ள ராசையா மேல தெனிக்கும் கீது. ஆனா முப்பத்திரெண்டு வருசமா தேய்ச்சித் தேய்ச்சி பளபளன்னு வெச்சிக்கீறது உங்கப்பன் மேல தான். அவன்கிட்ட நேரா ஒண்ணு சொல்லணும். சண்ட போட வர்லப்பா. அந்த ஸ்பேனர கீய வையி.

நாங்க ரெண்டு பேரும் ஒரே யார்டு. ஹார்பராண்ட இப்ப கண்டெய்னரா அடுக்கி வெச்சிக்கீறானே, அங்க முன்னாடி வேற கம்பெனி. பேரு இன்னாத்துக்கு, மூடிட்டு ஓடிட்டான். பழைய இரும்பு கட்டு கட்டா வரும். நானு மேல கிரேன்ல. உங்கப்பன் கீய கொடியோட. எனக்கு மேலேந்து கட்டு தான் தெரியும், கட்டுக்குப் பின்னால ஆளு கீதா லாரி கீதா தெரியாது. அவன் செவப்பு தூக்குனா நிறுத்து, பச்ச தூக்குனா எறக்கு. அவ்ளோதான் உத்தியோகம்.

ஆமா, அங்க தான் அவனுக்கு வேல போச்சி. எப்டி போச்சின்னு சொல்லிக்கீறான் உங்கிட்ட?

அவன் தப்பாலயா? அவனே சொல்றானா, என் தப்புன்னு?

காய்ச்சல் வந்தா கூட, கை மாறிடுச்சி, கை மாறிடுச்சின்னு பொலம்புறானா?

ம்.

தண்ணி கீதா நைனா? பாட்டில்லயே குடு, தூக்கிக் குடிக்கிறேன்.

இரு, ஒண்ணொண்ணா சொல்றேன். என் பொண்ணு கார்குழலி. அத்த கட்னவன் ராசையா, தெக்கத்தி ஆளு, காலடிப்பேட்டைல மளிகக் கட. என் பொண்ணாவே பாத்து இட்டாந்துது, நானு பாத்து வெச்ச மாப்ள இல்ல. அவங்களுக்கு ஒரே புள்ள, பகலவன். படிப்புல கெட்டி. ரயிலு ஓட்டுற வேலைக்கி பரிச்ச எயுதி பாஸாயிட்டான். கடையில சாக்லேட்டு டப்பாவத் தெறந்து வெச்சிட்டான் ராசையா, வர்றவன் போறவன் அல்லாம் அள்ளினு போனான். ராசையா இனாமா ஒண்ணு குடுத்து அன்னிக்கித் தான் பாத்தேன். மெடிக்கல் ஒண்ணு தான் பாக்கி. கண்ணு டெஸ்ட்டு. ஒரு புக்கு வெப்பான், புள்ளி புள்ளியா, நடுவுல நம்பர் ஒளிஞ்சினு கீதாம். அத்த சொல்லணும்.

அதுக்கு மொத நாளு நானு பேரன இட்டுனு போயி தனியா உக்கார வெச்சி சொல்லிக் குடுத்தேன். பன்னெண்டு, எட்டு, ஆறு, இருவத்தொம்பது, அம்பத்தேயு, அஞ்சி, மூணு, பதினஞ்சி, எயுபத்தி நாலு. இந்த வரிசையில சொல்லிடு கண்ணு, கேள்வி கேக்கறதுக்குள்ள சொல்லிடுன்னேன். எதுக்குத் தாத்தா, பாத்து சொன்னா போதாதான்றான். சொன்னத செய்யின்னேன். எங்க காலத்துல யார்டே மனப்பாடம் பண்ணிக்கினு தான் உள்ள பூந்துது. ஒரே புக்கு, ஒரே வரிசை, ஒரே கம்பவுண்டரு. முன்னால போனவன் சொல்றத ஜன்னலாண்ட நின்னு கேட்டுக்கினு அப்டியே போயி ஒப்பிச்சா ஆச்சி. கண்ணு எதுக்கு, காது போதும்.

இப்ப இன்னா பண்றான், கம்ப்யூட்டர்ல கலச்சி போட்டு காட்றான். இவன் பாத்தான், ஒண்ணும் தெரில, தாத்தன் குடுத்தத எடுத்து வுட்டான். அங்க நம்பரே இல்லாத பக்கத்துக்கு பன்னெண்டுன்னு கம்பீரமா சொல்லிக்கீறான். முடிஞ்சிது. செவப்பு பச்ச பேதம் தெரில, ரயிலுக்கு லாயக்கில்லன்னு எயுதிக் குடுத்துட்டான்.

எனக்கு வந்துதே கோவம். நேரா ராசையா கடைக்கிப் போனேன். யாவாரம் ஜரூரா நடக்கற சாய்ங்காலம். அவங்கம்மா சீனியம்மா கல்லாவுல குந்தினு கீது. உங்க ஊரு ரத்தம்யா இது, உங்க பரம்பரையே குருட்டுப் பரம்பரை, எம்பேரன் பொழப்புல மண்ண போட்டீங்களேன்னு தெரு மூல வரைக்கும் கேக்கற மாரி சொல்லிட்டு வந்தேன். ராசையா வெங்காயத்த நிறுத்துக்கினு நின்னான். அந்தக் கெயவி மட்டும் அயுதுகினே, எங்கூட்டுல யாருக்கும் கண்ணு கோளாறு இல்லியேன்னுது. மறு நாளு ஊருக்குப் போன கெயவி இன்னும் திரும்பல. ரெண்டு மாசமாவுது. கார்குழலி என்னோட பேசறதில்ல.

அப்பால தான் பகலவன் என்னை ராயபுரத்துல ஒரு கண்ணு டாக்டராண்ட இட்டுனு போனான். மெர்லின்னு பேரு, சின்ன பொண்ணு. தாத்தா, யாரு ரத்தம்னு கத்தறதுக்கு முன்னாடி ரத்தம் எப்டி வேல செய்யிதுன்னு தெரிஞ்சிக்கங்கன்னு சொல்லி பேப்பர் எடுத்து படம் போட்டுச்சி. தோ, இதான். கையி தொடச்சிக்கினு புடி, கிரீஸு படும்.

இந்த வட்டம் கீதுல்ல, இது ஒரு செல்லு. வூடு செங்கல்லால கட்ற மாரி ஒடம்பு இதால கட்டிக்கீது. உள்ள ஒரு ரூமு. ரூமுக்குள்ள ஒரு புக்கு. டி.என்.ஏ.ன்னு பேரு. மூக்கு எப்டி, முடி எப்டி, கண்ணுக்குள்ள இன்னா வெக்கணும், அல்லாம் அதுல எயுதிக்கீது. அந்த புக்கு ரூம வுட்டு வெளிய வராது. எனக்கு ஒடனே புரிஞ்சி போச்சி. எங்க மேனேஜரு ஒரிஜினல் டிராயிங்க பீரோல வெச்சி பூட்டி சாவிய இடுப்புல சொருவினு திரிவான். எவன் கேட்டாலும் காட்ட மாட்டான், அவனும் பாக்க மாட்டான்.

அப்ப வேல எப்டி நடக்கும்? அதுக்குத் தான் ஆர்.என்.ஏ. அது ஒரு சீட்டு. புக்குல வேண்டிய பக்கத்த மட்டும் அதுல காப்பி எடுத்துக்கும். சீட்டு வாசப்படி தாண்டி வெளிய வரும். வெளிய பட்டறைங்க. டாக்டரம்மா அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு சொல்லிச்சி, எனக்குப் பட்டறைன்னா தான் வாயில வருது. பட்டறை அந்தச் சீட்ட ஒரு முனையிலேந்து உள்ள இயுத்து மூணு மூணு எயுத்தா படிக்கும். ரெண்டு இல்ல, நாலு இல்ல, மூணு. மூணு எயுத்துக்கு ஒரு சரக்கு. அத்த தூக்கியார தனியா கூலிங்க. அவங்களும் ஆர்.என்.ஏ. ஜாதி தானாம், ஆனா ஒருத்தன் ஒரே சரக்கு தான் தூக்குவான், வேறொண்ண தொட மாட்டான். எங்க யூனியன்ல கூட அவ்ளோ கறார் பாத்ததில்ல. சரக்கு ஒண்ணு பின்னால ஒண்ணு கோத்து மால மாரி வரும், அது தானா மடங்கி சுருண்டு ஒரு உருவத்துக்கு வந்து நிக்கும். அதான் புரதம்.

முட்டையில கீறது தானன்னு நானும் கேட்டேன். அது ஒண்ணு தானாம். ஒடம்புல வேல பாக்கறதே இதுங்க தான், ஆயிரம் தினுசு கீதாம். எங்க நிறுத்தணும்னு சொல்லக்கூட சீட்டுல மூணு எயுத்து கீது. எங்க தலைவரு பேசற மீட்டிங்குல அந்த மூணு எயுத்து யார்கிட்டயும் இல்ல. வேல முடிஞ்சா சீட்ட கியிச்சிப் போட்டுடும், மறுபடி வேணும்னா புதுசா காப்பி. எங்க ஆபீஸ்ல கம்பெனி மூடுன அன்னிக்கி கூட பத்து வருசத்து சீட்ட கரையான் தின்னுகினு கெடந்துது.

இப்ப கண்ணுக்கு வா. கண்ணுக்குள்ள பின்பக்கம் மூணு தினுசு செல்லு, செவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கி ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணு. வெளிச்சத்தப் புடிக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு புரதம். அந்த புக்குல செவப்பு பக்கமும் பச்ச பக்கமும் அடுத்தடுத்து கீதாம், பாக்கறதுக்கு அண்ணன் தம்பி மாரி. எப்பவோ எந்தத் தலமொறையிலயோ பைண்டிங் போடறப்ப ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சி.

அப்ப யாரும்மா தப்புன்னேன். நம்ப புத்தி அங்க தான போவும், எவனையாச்சும் சஸ்பெண்டு பண்ணணும்ல. காப்பி எடுத்தவனா? இல்லியாம், அது உள்ளத உள்ளபடி எடுத்துது. பட்டறையா? அது மூணு மூணா ஒயுங்கா படிச்சிது. கூலியா? அவன் சொன்ன சரக்கத் தான் தூக்கினு வந்தான். அல்லாரும் ஒயுங்கு. ஒரிஜினல்ல கீற கோளாற ஒரு புள்ளி மாத்தாம செஞ்சி குடுக்கறாங்க. எத்தினிக்கெத்தினி ஒயுங்கா செய்றாங்களோ அத்தினிக்கத்தினி தப்பா வருது.

இது மனசுல ஒக்காந்துக்கிச்சி நைனா. அப்பால சொல்றேன் ஏன்னு.

சரி, அந்த புக்கு ராசையா குடுத்தது தானன்னு வுடாம கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்ல. கண்ணு சமாச்சாரம் எயுதிக்கீற புக்கு பொம்பளைக்கி ரெண்டு, ஆம்பளைக்கி ஒண்ணு. அந்த ஒண்ணும் ஆத்தாகிட்டேந்து தான் வரும். அப்பன் புள்ளைக்கிக் குடுக்கறது வேற ஒரு தம்மாத்தூண்டு நோட்டு, அதுல இந்தப் பக்கமே கெடயாது. ராசையா நெனச்சாலும் குடுக்க முடியாதுன்ருச்சி. பத்து பைசா கடன் குடுக்காதவன், இதையும் குடுக்கல பாரு.

அப்ப கார்குழலி. அவளுக்கு கலர் அல்லாம் சூப்பரா தெரியும், பொடவ எடுக்கப் போனா கடைக்காரன் அயுவான். ரெண்டு புக்கு கீறதால ஒண்ணுல கோளாறுன்னாலும் இன்னொண்ணு தாங்கிக்கும். அவளுக்கு அந்தக் கோளாறு புக்க யாரு குடுத்தது? டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்துது. புள்ளி புக்க எடுத்துது. தொறக்கக்கூட இல்ல, நானு பன்னெண்டு, எட்டு, ஆறுன்னு ஆரம்பிச்சிட்டேன். அது தொறந்து வெச்சது கடைசிப் பக்கம்.

ராசையா இருவத்தஞ்சி வருசமா ஜாடையா பேசுவான், மாமனாரு பொண்ணுக்கு ஒண்ணும் போட்டு அனுப்பலன்னு. குடுத்துக்கீறேன்யா. ஒண்ணே ஒண்ணு குடுத்துக்கீறேன்.

ஆமாப்பா. எனக்குத் தான். பொறந்ததுலேந்து. இந்த ஸ்டூலு உனக்கு செவப்புன்றே, எனக்கு அந்தப் பக்கத்து வேப்பமரமும் இதுவும் ஒண்ணு. தக்காளிய அமுக்கிப் பாத்து தான் வாங்குவேன்.

அப்பறம் எப்டி கிரேன் ஓட்டுனேன்னு கேக்கற. பகலவனும் அங்கயே அதே இடத்துல அதே கேள்விய கேட்டான். தாத்தா, நீ எப்டி தாத்தா கொடி பாத்தன்னான். நானு பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சி பஸ் ஏறி வூட்டுக்கு வந்துட்டேன்.

உங்கப்பனால தான் ஓட்டுனேன். சேந்து ஒரு வாரத்துலயே கண்டுபுடிச்சிட்டான். வெத்தல போட்டுத் துப்புன கறைய நானு எண்ணெக் கறைன்னு சொன்னேன், ஒரு மாரி பாத்தான். யார்கிட்டயும் சொல்லல. சின்னா, இனிமே வலது கையில செவப்பு, இடது கையில பச்ச, நீ கலரப் பாக்காத, கையப் பாருன்னான். பதிமூணு வருசம் கையப் பாத்தேன். ஒரு சுண்டு விரலுக்குக் கூட சேதாரம் வர்ல. யார்டே அவனப் பாத்து அப்டியே புடிக்க ஆரம்பிச்சிடுச்சி. ரூலே ஆயிப்போச்சி, இடது கை பச்சன்னு.

தொண்ணூத்தி மூணு, ஆடி மாசம். மொத நாளு கொக்கி கியிச்சி அவன் வலது கையில பெரிய கட்டு. விரலு மடங்கல. வூட்ல இருக்க வேண்டியது தான, லீவு போட்டா கூலி இல்ல, வந்துட்டான். மத்தியானம் கிரேன்ல ஒரு இரும்புக் கட்டு தொங்குது. கீய லாரி நவுந்து வந்துடுச்சி. அவன் பாத்தான். வலது கை தூக்க முடியல. செவப்பு கொடிய இடது கையில எடுத்து தூக்கிட்டான்.

நானு கையப் பாத்தேன்.

லாரி முன்பக்கம் அப்பளம். டிரைவரு குதிச்சிட்டான், தோள்பட்ட எலும்பு முறிஞ்சிது, உசுரு தப்பிச்சிது. மறு நாளு விசாரண. அதிகாரி கேக்கறாரு, வஹாப், நீ எந்தக் கொடி தூக்குன? செவப்புன்னான். கீய நின்ன மத்தவங்கள கேட்டாரு. கட்டுக்கு மறவுல ஒயுங்கா தெரில, இடது கை தூக்குனான் சாருன்னாங்க. இடது கைன்னா பச்ச தானயான்னாரு. ஆமா சாரு, எப்பவும் பச்ச தான். அப்பால என்னைக் கேட்டாரு. சின்னப்பையன், நீ தான் நேரா பாத்தவன். எந்தக் கொடி?

உங்கப்பன் எனக்கு எதுர்ல நின்னுகினு கீறான். ஒரே ஒரு வார்த்த போதும் அவனுக்கு. சாரு, இவனுக்கு கலரு தெரியாது, டெஸ்ட்டு பண்ணிப் பாருங்க. அவ்ளோதான். நானு காலி, அவன் வேல நிக்கும். சொல்வான்னு பாத்தேன். சத்தியமா, சொல்லிடுவான், அப்டியே ஒத்துக்கலாம்னு தான் பாத்தேன். அவன் வாயத் தொறக்கல. தரையப் பாத்துகினு நின்னான். எனக்கு அப்ப வந்துது பாரு அவன் மேல காண்டு, அது தான் இன்னும் போவல. சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல. சொல்லாம வுட்டு, முப்பத்திரெண்டு வருசம் என் நெஞ்சு மேல குந்திக்கினு கீறான். இந்தப் பக்கம் வந்தா ரோட்டு அந்தாண்ட சுத்திப் போவேன். இவன் பஞ்சர் ஒட்டிக்கினு தல நிமிராம இருப்பான், அதுக்கும் காண்டு.

நானு இன்னா சொன்னேன்னு கேக்கல நீயி.

பச்சன்னேன்.

டைப்பு அடிக்கறவன் நாலு கார்பன் வெச்சி அடிச்சான். மேனேஜருக்கு ஒண்ணு, யூனியனுக்கு ஒண்ணு, லேபர் ஆபீசுக்கு ஒண்ணு, ஹெட் ஆபீசுக்கு ஒண்ணு. அல்லாரும் ஒயுங்கா படிச்சாங்க. ஒயுங்கா கையெயுத்து போட்டாங்க. ஒயுங்கா உங்கப்பன் பேர அடிச்சாங்க. அப்ப உனக்கு எட்டு வயசு இருக்கும்ல. எந்த வகுப்புல நின்ன? மூணா. ம். அந்தச் சீட்டு எங்கெங்க போச்சோ, எத்தினி பட்டறையில படிச்சாங்களோ, கடைசில இங்க இந்த டயருக்கு நடுவுல உன்ன கொண்டாந்து ஒக்கார வெச்சிக்கீது. யார் மேலயும் தப்பில்ல. ஒரிஜினல்ல கோளாறு.

மறுபடி போனேன் டாக்டரம்மாவாண்ட, நானு மட்டும் தனியா, போன வாரம். அம்மா, கண்ணுக்கு அந்த புக்குல ஒரு பக்கம் கீதுன்றீங்க, பொய்யி சொல்றதுக்கும் ஏதாச்சும் பக்கம் கீதா, எந்தத் தாத்தனாச்சும் குடுத்து வுட்டானான்னு கேட்டேன். நல்லா யோசிச்சிட்டு, இல்ல தாத்தா, அது நம்ப வேல தான்னுச்சி. பழிய போட ஒரு பேரு ஏதாச்சும் சொல்லும்னு நம்பிப் போனேன்.

உங்கப்பன் கை ஒண்ணும் மாறல நைனா. கை எதுவானா இன்னா, கொடி செவப்பு. ரூல் புக்குல கலரு தான் எயுதிக்கீது, கைய இல்ல. கை எனக்காக அவன் போட்ட ரூலு. எனக்கு அன்னிக்கி கலரு தெரில. ஆனா தெரிலன்னு எனக்குத் தெரியும். இத்த அவன்கிட்ட நீயே சொல்லிடு. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடு. நானு கெளம்பறேன், ராசையா கடைக்கிப் போவணும், அந்தக் கெயவிக்கு ஊருக்கு போன் போட்டுக் குடுக்கச் சொல்லணும். அவன் போடுவானோ மாட்டானோ.

இன்னா, கைய புடிக்கற? வுடு. இருன்னு சொல்றியா, அடிக்கப் போறியா, ஒண்ண சொல்லு.

தோ, வர்றான் பாரு. அவன் தான், நடையே சொல்லுது. தூரத்துலயே இங்க பாத்துட்டான். நின்னுட்டான். கைய தூக்குறான். எந்தக் கைன்னு நானு பாக்கல நைனா, நீ பாத்து சொல்லு.

வான்றானா, போன்றானா?

சரி. கால் வலியோட வர்றான், அந்த ஸ்டூல அவனுக்குப் போடு. நானு நிக்கறேன். இது இல்லப்பா, அது. நானு குந்தினு இருந்தது, அந்தச் செவப்பு ஸ்டூலு.